எக்ஸெல் ஷீட்டில் ஒரு காலிக் கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பயணக் கட்டுரை இல்லை. பனிமலை, சூரிய உதயம், "ஆஹா என்ன அழகு" எல்லாம் இதில் கிடையாது. காரணம் சிம்பிள். நாங்கள் இன்னும் கிளம்பவே இல்லை! டிசம்பர் கடைசியில் போகப்போகிற ஒரு இமயமலை நடைக்குத் திட்டம் போட்டபோது எங்களுக்குள் வந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சண்டை முடிந்துவிட்டது. ஆனால் மலைக்குப் போக நினைக்கும் எல்லோருக்கும் இதே சண்டை ஒருநாள் வரும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஒரகடம் பக்கம் திரும்பினால் தொழிற்சாலை, சுங்குவார்சத்திரம் பக்கம் திரும்பினால் தொழிற்சாலை, நடுநடுவே ஏரிகள். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முருகன் என்றால் மலை மேல் இருப்பார் என்பார்கள், எங்கள் வல்லக்கோட்டை முருகன்கூட சமதரையில்தான் நிற்கிறார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், ‘ஹிமாலயன்’ என்று பெயர் வைத்து பைக் விற்கும் ராயல் என்ஃபீல்டுக்கு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இமயமலையை நாங்கள் அதிகம் பார்த்தது பெட்ரோல் டேங்க் மேல்தான் :-)

போகப்போவது ஆறு பேர். நாங்கள் ஐந்து பேர் இறுதியாண்டு மெக்கானிக்கல். ஆறாவது ஆள் என் பெரியம்மா பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். வருடக் கடைசியில் பராமரிப்புக்காக லைனை நிறுத்துவார்கள். அந்த ஒன்பது நாள்தான் அவருக்கு வாய்ப்பு. அதோடு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆக மொத்தம் பத்து நாள். எங்களுக்கு செமஸ்டர் முடிந்த விடுமுறை, கணக்கே இல்லை.

இடம், டார்ஜீலிங் மாவட்டத்தில் இருக்கும் சிங்கலிலா முகடு. இந்தியா - நேபாள எல்லையே அந்த முகட்டின் மேல்தான் ஓடுகிறது. பாதை சில இடங்களில் அந்தப் பக்கம், சில இடங்களில் இந்தப் பக்கம் என்று போகும். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூ, 3,636 மீட்டர், இதில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு நான்கும் தெரியும். அதாவது உலகின் முதல் ஐந்து உயரங்களில் நான்கு. அங்கிருந்து இன்னும் 21 கிலோமீட்டர் முகட்டிலேயே நடந்தால் ஃபாலுட்.

முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தப் பாதை நல்லது என்று நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து சந்தக்ஃபூ வரை கரடுமுரடாக ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. பழைய காலத்து லேண்ட் ரோவர் வண்டிகள் அதில் ஓடிப் பேர் வாங்கியவை. யாருக்காவது முடியாமல் போனால் வண்டியில் கீழே கொண்டுவந்துவிடலாம். வழியில் தங்குவதற்கு வீடுகள் உண்டு, கூடாரம் தூக்க வேண்டாம். வழிகாட்டி கட்டாயம். மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, தேசியப் பூங்கா மூடியிருக்கும். டிசம்பரில் திறந்திருக்கும், ஆனால் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

எங்கள் கேங்கில் ஒரு எக்ஸெல் மன்னன் இருக்கிறான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு ஷீட் தயாரித்தான். பத்து நாள், பத்து கட்டம். முதல் இரண்டு நாள் சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு ரயில். மூன்றாம் நாள் ஜீப்பில் மானேபஞ்சன். நான்காம் நாள் நடந்து தும்லிங். ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் சந்தக்ஃபூ. ஆறாம் நாள் ஃபாலுட். ஏழாம் நாள் கோர்கே வழியாக ரம்மாம். எட்டாம் நாள் பாதி நடை, பாதி ஜீப், ராத்திரி ரயில். ஒன்பதும் பத்தும் ரயில். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கலர் வேறு. பார்க்கவே அழகாக இருந்தது. "ஒரு நிமிஷம்கூட வேஸ்ட் இல்ல மச்சி" என்றான் பெருமையாக.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல பஃபர் எங்கடா இருக்கு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. "அண்ணா, நீங்களே இப்படிக் கேக்கலாமா? உங்க லைன்ல எல்லாம் ஜஸ்ட் இன் டைம்தானே" என்று மன்னன் சமாளித்தான். அண்ணன் சிரித்தார். "தம்பி, அது பாடப் புத்தகத்துல. எங்க லைன் ஓரத்துல வந்து பாரு, ஒரு ஷிஃப்டுக்கான பாகம் ட்ரேல அடுக்கி வெச்சிருப்போம். லாரி டயர் பஞ்சர் ஆகும்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியல."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. (டீ அதிகமாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.) யோசித்துப் பார்த்தால் தப்பு எங்கள் ஷீட்டில் மட்டும் இல்லை, எங்கள் தலையில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவில் வளர்ந்து, அதற்கான படிப்பையே படிக்கிறோம். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன ஏழு வீண்கள் என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு. அதிகமாக உற்பத்தி செய்வது, சரக்கைத் தேக்குவது, தேவையில்லாமல் நகர்த்துவது என்று போகும் அந்தப் பட்டியலில் ‘காத்திருப்பது’ ஒன்று. காத்திருந்தால் காசு போச்சு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, அப்படியே வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். தொழிற்சாலையில் காத்திருப்பது வீணாக இருக்கலாம். மலை முகட்டில் காத்திருப்பதுதான் பாதி வேலை. ஷூ, ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் என்று என்ன பட்டியல் வேண்டுமானாலும் போடுங்கள். அதில் முதலில் எழுத வேண்டியது எந்த வேலையும் ஒதுக்கப்படாத ஒரு நாள். அதற்கு இடமில்லை என்றால் பாதையைக் குறைக்க வேண்டும், நாளைக் குறைக்கக் கூடாது.

ஏன் என்று மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம் உடம்பு. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. சந்தக்ஃபூ உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு அதற்குப் பழகும், ஆனால் அதன் வேகத்தில்தான் பழகும். மலை மருத்துவத்தில் சொல்லும் பொது விதி, 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். எங்கள் ஷீட்டைப் பாருங்கள். தும்லிங் கிட்டத்தட்ட 2,900. அங்கிருந்து ஒரே நாளில் 3,636. அதாவது எழுநூறு மீட்டருக்கு மேல்!

எங்கள் கேங்கில் இருக்கும் ஜிம் பாய் "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றான். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஃபிட்டாக இருப்பதற்கும் மலை நோய் வராமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் ஃபிட்டாக இருப்பவன் வேகமாக ஏறிவிடுவான், அதனாலேயே மாட்டிக்கொள்வான். முதலில் தலைவலி, குமட்டல், பசியின்மை. இந்த நிலையில் அங்கேயே நின்று ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அசட்டையாக மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோர்க்கலாம், மூளை வீங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவன் மாதிரி தள்ளாடினாலோ, உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரை உண்டு, டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை ஓய்வு நாளுக்கு மாற்று இல்லை. இப்போது சொல்லுங்கள். பஃபர் இல்லாத ஷீட் வைத்திருப்பவனுக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வான்? "லேசாத்தான் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு ஏறுவான். ஏனென்றால் நின்றால் ஆறு பேரின் ரயிலும் போய்விடும். ஷீட்டே அவனைப் பொய் சொல்ல வைக்கிறது.

இரண்டாவது காரணம் பொழுது. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நாடு முழுக்க ஒரே கடிகாரம்தான், ஆனால் டார்ஜீலிங் நமக்குக் கிழக்கேயும் வடக்கேயும் இருக்கிறது. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறையும். அங்கே ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஒரு மணி நேரம் அப்படியே காணாமல் போகிறது! 21 கிலோமீட்டர் நடையில் அந்த ஒரு மணி நேரம்தான் வெளிச்சத்தில் வீடு சேர்வதற்கும் இருட்டில் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம். முகடு என்பதால் ஒதுங்க இடமும் குறைவு. பள்ளத்தாக்கில் நடந்தால் மலையே ஒரு பக்கச் சுவராக நிற்கும். முகட்டில் இரண்டு பக்கமும் காற்று. மேகம் வந்தால் நேராக நம் மேல்தான் வரும்.

மூன்றாவது காரணத்தை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டு டிவியிலும் அதுதான் ஓடியது. அடுத்தது 2024 ஜூன். உத்தராகண்டில் சஹஸ்திரதால் என்ற இடத்துக்குக் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் மாட்டியது. ஒன்பது பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் திட்டம் எப்படி இருந்தது, ஒரு நாள் கூடுதலாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா என்றெல்லாம் இங்கே உட்கார்ந்து பேச எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான். தீயும் புயலும் நம் ஷீட்டைப் பார்த்து வருவதில்லை. அந்த நேரத்தில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் வசதியாவது நம் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் தடத்துக்கே இது புதிது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெரிய ஆலைகளே உற்பத்தியை நிறுத்த வேண்டி வந்தது. மழை பெய்தால் அவ்வளவு பெரிய கம்பெனியே காத்திருக்கிறது. ஆறு பையன்கள் காத்திருக்கக் கூடாதா?

இவ்வளவும் பேசி முடித்தபோது எக்ஸெல் மன்னன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "சரிடா, பஃபர் வேணும். அண்ணன்தான் ஒரு நாள் கூட லீவு போடட்டுமே?"

அண்ணன் கோபப்படவில்லை. விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்து வரும் கணக்கு அது. இருபது நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. "நீங்க சுலபமா ஒரு நாள்னு சொல்றீங்க. எனக்கு அது இருபது நாள் நின்னு சம்பாதிச்சது. அதையும் அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா வேணும்னு வெச்சிருக்கேன். ஏற்கெனவே ஒண்ணை உங்களுக்காக எடுத்துட்டேன். லைன் நிக்கிற ஒன்பது நாளுக்கும் எனக்கு சம்பளம் கிடையாது, தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மலைநடை பற்றிப் படிக்கும்போதெல்லாம் "அவசரப்படாதீர்கள், உடம்புக்கு நேரம் கொடுங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறது. நல்ல அறிவுரைதான். நானும் அதையேதான் மேலே சொன்னேன். ஆனால் நேரம் யாரிடம் இருக்கிறது என்று அதில் யாரும் எழுதுவதில்லை. விடுமுறை உள்ள மாணவனிடம் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரிடம் கொஞ்சம் இருக்கிறது. லைனில் நிற்பவரிடம் இல்லை. "நேரமில்லாதவன் மலைக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டால் பாதுகாப்புப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் ‘ஹிமாலயன்’ என்ற பெயரை உலோகத்தில் ஒட்டும் ஊர்க்காரர்கள் இமயமலையைப் பார்க்கவே முடியாது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால்தான் சொல்கிறேன், குழுவில் யாரிடம் நாள் குறைவோ அவருக்கு ஏற்ற மாதிரிதான் திட்டம் போட வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போவதும் தப்பு, அவருக்காக ஓய்வு நாளை வெட்டுவதும் தப்பு. வெட்ட வேண்டியது ஆசையை.

நாங்கள் ஃபாலுட்டை வெட்டினோம்.

வலித்தது. மன்னன் அந்த ஆரஞ்சுக் கட்டத்தை டெலிட் செய்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதோடும் கணக்கு சரியாகவில்லை. அப்போது ஜிம் பாய்தான் ஒரு யோசனை சொன்னான். ஐந்து பேரும் புது ஜாக்கெட் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அதை வாங்காமல், இரவல் கேட்டும் வாடகைக்கு எடுத்தும் சமாளிப்பது. மிச்சமாகும் பணத்தில் அண்ணனுக்கு மட்டும் பாக்டோக்ராவிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட். திரும்பும் ரயிலின் இரண்டு நாள் அவருக்கு ஒரு நாளாகிவிடும். நாங்கள் வழக்கம்போல ரயிலில் வருவோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கடனா வெச்சுக்கோங்க அண்ணா, எங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்துக் கழிச்சுடுங்க" என்றதும் சிரித்துவிட்டார்.

இப்போது ஷீட் இப்படி இருக்கிறது. மூன்றாம் நாள் வரை பழையபடிதான். நான்காம் நாள் தும்லிங். ஐந்தாம் நாள் காளிபோக்ரி, 3,100 சொச்சம் மீட்டர். ஆறாம் நாள் காளிபோக்ரியிலிருந்து வெறும் ஆறு கிலோமீட்டர்தான், சந்தக்ஃபூ. ஏற்றம் முதலில் இருநூற்றுச் சொச்சம், பிறகு ஐநூறுக்குள். எட்டாம் நாள் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறக்கம். ஒன்பதாம் நாள் ஜீப்பில் சிலிகுரி. பத்தாம் நாள் அண்ணன் வீட்டில், நாங்கள் ரயிலில்.

ஏழாம் நாள் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. யாருக்காவது தலைவலி வந்து தும்லிங்கிலேயே ஒரு நாள் கூடத் தங்கினால் அந்தக் கட்டம் முன்னால் நகரும். மேகம் மூடியிருந்தால் சந்தக்ஃபூவில் உட்கார்ந்து காத்திருப்போம். எல்லாம் நன்றாக இருந்தால் அங்கேயே வெயிலில் குளிர்காய்ந்துகொண்டு சும்மா இருப்போம். காளிபோக்ரியிலிருந்தே திரும்ப வேண்டி வந்தாலும் சரி, யாரும் யாரையும் குத்திக்காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டாயிற்று.

பயிற்சியும் நடக்கிறது. மலை இல்லாத ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஹாஸ்டல் மாடிப்படி. இரண்டு ஞாயிறு சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. 2024இல் ரோப் கார் வந்துவிட்டது, நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி படியேறினோம். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலைநடைக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படி திறந்துவிட்டது. முதலில் நம் ஊர்க் காட்டில் வழிகாட்டியோடு நடந்து பார்த்துவிட்டு இமயமலைக்கு யோசிப்பது நல்லது. ஆனால் ஒன்று, சோளிங்கர் படி காலுக்குத்தான் பயிற்சி. உயரத்துக்குப் பயிற்சி உயரத்தில்தான் கிடைக்கும். அதற்குத்தான் அந்தக் காலிக் கட்டம்.

நேற்று மன்னன் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். ஏழாம் நாள் வெள்ளையாக இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, பென்சிலால் ‘உள்ளூர் சுற்றிப் பார்த்தல்’ என்று எழுதியிருந்தான். அண்ணன் அழி ரப்பரைக் கேட்டு வாங்கி அதை அழித்துவிட்டு பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, கம்பெனி பஸ் வந்துவிடும்.